‘அட்மின் மட்டும்’: பெண்ணையாற்று வெள்ளத்தில் ஒரு வாட்ஸ்ஆப் குழு – நிகழ்வு ஆய்வு

ஆய்வின் நோக்கம்

கடலூர் நகரின் வடக்கு விளிம்பில், தென்பெண்ணையாற்றின் தென்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்புப் பகுதியில், 2024 நவம்பர் 29 முதல் டிசம்பர் 4 வரை அங்குள்ளோரின் வாட்ஸ்ஆப் குழு எவ்வாறு பயன்பட்டது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. எந்த உயிரும் போகவில்லை. ஆயினும், இடுப்பளவுக்கு ஏறிய தண்ணீரில் சிக்கிய குடும்பங்கள் மூன்றரை மணி நேரம் தங்கள் நிலையை நூறு மீட்டர் தள்ளியிருந்தவர்களுக்குச் சொல்ல முடியாமல் தவித்தன. அதற்குக் காரணமான அமைப்பை நல்லெண்ணத்தோடு, எல்லாருக்கும் பொதுவானது என்று நம்பித்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பிற ஊர்களிலும் இதே அமைப்பை இதே நம்பிக்கையோடு பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

குழுவின் உரையாடலை அட்மின்கள் நால்வரின் ஒப்புதலோடு கோப்பாக எடுத்து, முதலிலிருந்து வரிசையாகப் படித்தோம். மேல் தெரு, கீழத் தெரு என்ற இரு பகுதிக் குடும்பங்களையும் அவரவர் வீட்டிலேயே சந்தித்துக் கேட்டோம். யாருடைய பெயரும், அந்தக் குடியிருப்புப் பகுதியின் பெயரும் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

இந்தப் பகுதியில் இருப்பவர்கள் காற்றைத் ‘தானே’ புயலை வைத்தும், தண்ணீரை 2015 வெள்ளத்தை வைத்தும் அளப்பவர்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலில் கூரை இழக்காத வீடு இங்கே குறைவு. 2021 நவம்பரில் பெண்ணையாறு கரை புரண்டபோதும் கீழ்ப்புறத் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஆகவே இவர்கள் எச்சரிக்கையை அலட்சியம் செய்யும் மக்கள் அல்லர்.

பகுதி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சாலையை ஒட்டிய மேல் தெருக்கள் மண் கொட்டி உயர்த்தப்பட்டவை. அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், மாதச் சம்பளக்காரர்கள் வசிக்கிறார்கள், வீட்டுக்கு இரண்டு மூன்று ஸ்மார்ட்போன்கள் உண்டு. ஆற்றை நோக்கி இறங்கும் கீழத் தெருவில் கட்டட வேலைக்கும், மீன் வியாபாரத்துக்கும், சவுக்குத் தோப்புக் கூலிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அதை வெளியூர் வேலைக்குப் போகிற ஆண் எடுத்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் மிஞ்சுவது பட்டன் போன். எழுதுவதைவிட வாய்ஸ் மெசேஜ் போடுவதே அங்கே வழக்கம்.

குழு 2019-இல் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு ஆகியவற்றுக்காகத் தொடங்கப்பட்டது. மனு எழுதி நகராட்சிக்கு அலைந்தவர்கள் மேல் தெருக்காரர்கள் என்பதால் அட்மின்களாக இருந்த நால்வரும் அங்கிருந்தே வந்தார்கள்: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். இதில் திட்டமிட்ட ஒதுக்கல் எதுவும் இல்லை. குழுவை யார் தொடங்குகிறாரோ அவரே அட்மின் ஆகிறார், அவர் தமக்குத் தெரிந்தவர்களைத் துணை அட்மின் ஆக்குகிறார். அவ்வளவில்தான் அது நடந்திருந்தது. 2024 நவம்பரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உறுப்பினர்களாக இருந்தனர், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கீழத் தெருவினர்.

நவம்பர் 29, 30: புயலும் ஒரு பழைய வீடியோவும்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் விலகிப் போகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. கடலூரின் வடபகுதியில் மின்சாரம் நின்று, செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

இந்த இரண்டு நாட்களில் குழுவில் செய்திகள் மளமளவென்று குவிந்தன. வானிலைப் படங்கள், பக்கத்து மாவட்ட வீடியோக்கள், பிரார்த்தனைகள், மின்சாரம் எப்போது வரும் என்ற கேள்விகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. டவர் திரும்பும்போதெல்லாம் பல மணி நேரத்துக்கு முந்தைய செய்திகளும் புதியவை போலவே ஒலி எழுப்பிக்கொண்டு மொத்தமாக வந்து இறங்கின.

நவம்பர் 30 இரவு ஒன்பது மணிக்கு மேல், எந்த ஊர் என்றே தெரியாத ஓர் அணையின் மதகுகளில் செந்நிறத் தண்ணீர் சீறிப் பாயும் வீடியோ ஒன்றை உறுப்பினர் ஒருவர் போட்டார். அதன் கீழே, பெண்ணையாற்றின் மேற்பகுதியில் உள்ள சாத்தனூர் அணையைக் குறிப்பிட்டு, ‘சாத்தனூர் டேம் திறந்துட்டாங்க, பெண்ணையாத்துக் கரையில இருக்கறவங்க உடனே கிளம்புங்க’ என்று எழுதியிருந்தார். கீழத் தெருவில் முப்பது பேருக்கு மேல் கொட்டும் மழையில் குழந்தைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஒரு பாட்டி சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஒரு மணி நேரம் கழித்து அது பழைய வீடியோ என்று தெரிய வந்தது. நனைந்தபடி வீடு திரும்பியவர்களின் கோபத்தை அன்றிரவு பதிவான வாய்ஸ் மெசேஜ்களில் இன்றும் கேட்கலாம்.

இந்த வீடியோவை நாங்கள் தனியே எடுத்துப் பார்த்தோம். அதன்மேல் ‘ஃபார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற குறிப்பு இல்லை. அந்த உறுப்பினர் அதை வேறெங்கோ பார்த்து, போனில் சேமித்து, கேலரியிலிருந்து புதிதாகப் பதிவேற்றியிருந்தார். செயலியின் கணக்கில் அது அவரே எடுத்த வீடியோ. அதனால்தான் பலர் அதை நம்பினார்கள். ‘ஃபார்வர்டுனு போட்டிருந்தா நான் கண்டுக்கிட்டே இருக்க மாட்டேன்’ என்று ஒரு மீன் வியாபாரி அம்மா எங்களிடம் சொன்னார்.

டிசம்பர் 1 மாலை: குழுவை மூடிய முடிவு

டிசம்பர் 1 மாலை அட்மின்கள் நால்வரும் மருந்துக் கடையில் கூடினார்கள். புரளியைத் தடுக்க இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, குழுவை ‘அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்ற அமைப்புக்கு மாற்றுவது. இரண்டாவது, பலமுறை ஃபார்வர்ட் ஆகி வந்த எதையும், இரட்டை அம்புக்குறி இருந்தால், குழுவில் போடுவதில்லை என்பது.

இந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்த காரணங்களை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். முந்தைய இரவு ஒரு பாட்டியின் கை முறிந்திருந்தது. உண்மையான அறிவிப்பு வந்தாலும் நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. போன் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஒவ்வொரு வீடியோவும் சார்ஜைத் தின்றது. இவற்றோடு வங்கி ஊழியருக்கு இன்னொரு பயமும் இருந்தது: குழுவில் யாராவது புரளி போட்டால் போலீஸ் அட்மின் மேல் வழக்குப் போடும் என்று அவர் உறுதியாக நம்பினார். நம் ஊர்களில் இந்த நம்பிக்கை மிகப் பரவலானது. ஆனால் உறுப்பினர் போடும் பதிவுக்கு, அட்மினாக இருக்கும் ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 மார்ச்சிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் தீர்ப்பளித்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் 2021 டிசம்பரில் இதே திசையில்தான் கருத்துச் சொன்னது. இது அந்த மாலையில் தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சில் அவசரம் குறைந்திருக்கும்.

இளைஞர் மட்டும் ஒரு கேள்வி எழுப்பினார்: கீழே ஏதாவது ஆனால் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? ‘நம்ம நாலு பேர் நம்பரும் எல்லார்கிட்டயும் இருக்கே, கூப்பிடுவாங்க’ என்று பதில் வந்தது. தலைமை ஆசிரியர் சொன்ன வாக்கியம் பின்னாளில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது: ‘இதுல மேல தெரு கீழ தெருன்னு எதுவும் இல்ல. எல்லாருக்கும் ஒரே விதி.’ மாலை 6:40-க்குக் குழு மூடப்பட்டது.

கீழத் தெருவிலிருந்து இரண்டு மூன்று பேரை அந்தக் கணமே அட்மின் ஆக்கியிருக்கலாம். அதற்கு எண்ணைத் தொட்டு ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை. அட்மின் என்பது அங்கே பொறுப்பாளர் பதவியைப் போல ஆகிவிட்டிருந்ததால், அதை வெறும் பேசும் வசதியாக யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 2 அதிகாலை: இரட்டை அம்புக்குறியோடு வந்த உண்மை

டிசம்பர் 1 அன்று மழை மேற்கே நகர்ந்து பெண்ணையாற்றின் நீர்ப்பிடிப்பு மாவட்டங்களில் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கடலூரில் அப்போது மழை குறைந்திருந்தது. வானம் வெளுத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பலர் நினைத்தது இயல்பே.

கரையோர மக்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பு ஒரு படமாகத் தலைமை ஆசிரியரின் போனுக்கு வந்தது. ஐந்தரை மணிக்கு அவர் அதைப் பார்த்தார். மேலே இரட்டை அம்புக்குறியும் ‘பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற வரியும் இருந்தன. அறிவிப்பில் ‘இன்று’ என்று இருந்ததே தவிர, அவர் கண்ணில் பட்ட பகுதியில் தேதி இல்லை. படம் மேற்புறம் வெட்டப்பட்டிருந்தது. முந்தைய மாலை தாமே வகுத்த விதியின்படி அவர் அதைக் குழுவில் போடவில்லை.

இந்த இடத்தில் அந்த அம்புக்குறி எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க வேண்டும். ஃபார்வர்ட் குறிப்பும் கட்டுப்பாடும் 2018-இல் வந்தவை. குழந்தை கடத்தல் வதந்திகளால் நாடெங்கும் கும்பல் கொலைகள் நடந்த ஆண்டு அது. அந்த ஆண்டு மே மாதம் தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்துக் கொன்றது. அதன் பிறகே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் வாட்ஸ்ஆப் செய்தது. 2019-இல் இரட்டை அம்புக்குறி வந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனம் படிப்பதில்லை. எத்தனை கை மாறியது என்பது மட்டும் எண்ணப்படுகிறது. உயிர்களைக் காக்க வந்த ஏற்பாடு இது. இதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கை உண்மையையும் பொய்யையும் பிரித்தறியாது. பேரிடர் நேரத்தில் மிக வேகமாகக் கை மாறுவது பெரும்பாலும் உண்மையான எச்சரிக்கைதான். நவம்பர் 30 இரவின் பொய் வீடியோவுக்கு எந்த அடையாளமும் இல்லை, டிசம்பர் 2 காலையின் மெய்யான அறிவிப்புக்கு இரட்டை அம்பு. அடையாளத்தை நம்பத்தக்க தன்மைக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டதால் குழு இரண்டு முறையும் தலைகீழாக முடிவெடுத்தது.

தலைமை ஆசிரியர் சும்மா இருந்துவிடவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு முயன்றார், இணைப்புக் கிடைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரை ஏழு மணிக்குச் சற்று முன் பிடித்து உறுதி செய்துகொண்டு, ஏழு மணிக்கு அந்தப் படத்தை அப்படியே குழுவுக்கு ஃபார்வர்ட் செய்தார். ‘உறுதி செய்யப்பட்டது’ என்று அடுத்த செய்தியாக எழுதினார். கீழத் தெருவில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் பல போன்களில் எழுத்துச் செய்தி முதலிலும் படம் வெகுநேரம் கழித்துமாக வந்தன. படத்தைப் பார்த்தவர்கள் அம்புக்குறியைப் பார்த்தார்கள். ‘மறுபடியும் டேம் கதையா’ என்று பலர் போனை வைத்துவிட்டார்கள். பதிலுக்குக் கேள்வி கேட்கவோ, ‘நிஜமாவா சார்’ என்று ஒரு வரி போடவோ வழியில்லை. வழி இருந்திருந்தால் அந்தக் கேள்வியையும் பதிலையும் நூறு பேர் பார்த்திருப்பார்கள்.

டிசம்பர் 2 பகல்: கும்பிட்ட கைகள்

பதினொரு மணிக்கு அட்மின்கள், ‘பள்ளியில் முகாம் திறக்கப்பட்டுள்ளது, அனைவரும் பாதுகாப்பாக இருக்கவும்’ என்று ஒரு செய்தி போட்டார்கள். நண்பகலில் கீழத் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சந்தின் இறக்கத்தில் முதலில் நிரம்பியதால் மேட்டுக்கு வரும் வழி முதலில் அடைபட்டது.

அட்மின் மட்டும் பேசக்கூடிய குழுவிலும் ஒரு செய்தியின் கீழ் ஈமோஜி போட உறுப்பினர்களால் முடியும். பதினொரு மணிச் செய்தியின் கீழ் அவ்வாறு பலர் கட்டை விரலும் கும்பிடும் கைகளும் போட்டிருந்தார்கள். மருந்துக் கடைக்காரர் இரண்டு மணி வாக்கில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். தகவலுக்கு நன்றி சொல்கிறார்கள் என்று எண்ணி, முகாமுக்குப் பால் பவுடர் எடுத்து வைக்கப் போய்விட்டார்.

அந்தக் கும்பிடுகளில் மூன்று, தண்ணீருக்குள் இருந்த வீடுகளிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றைப் போட்டவர், கணவர் சென்னையில் கட்டட வேலையில் இருக்க, இரண்டு குழந்தைகளோடும் மாமியாரோடும் கட்டிலின் மேல் நின்றிருந்த ஓர் இளம்பெண். அன்று தற்செயலாகத்தான் ஸ்மார்ட்போன் அவரிடம் இருந்தது. புயலுக்கு முன் கணவர் ஊருக்கு வந்து, போனை வீட்டில் விட்டுப் போயிருந்தார். நான்கு அட்மின்களின் எண்களுக்கும் அவர் அழைத்திருக்கிறார், ஒன்றும் போகவில்லை. சிக்னல் ஒரு கோடு வந்தபோது மருந்துக் கடைக்காரருக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அது அவருடைய போனில் திறக்கப்படாத பல உரையாடல்களுக்கு நடுவே மாலை வரை கேட்கப்படாமல் கிடந்தது. ‘மொதல்ல அழுவுற மூஞ்சி போட்டேன். அதுவும் பத்தாதுன்னு கும்பிடு போட்டேன். கும்பிடு போட்டதும் அழுவுற மூஞ்சி போயிடுச்சு’ என்றார். ஒரு செய்திக்கு ஒருவர் ஒரே ஈமோஜிதான் போட முடியும், இரண்டாவதைப் போட்டால் முதலாவது அழிந்துவிடும். அழுகை முகம் அப்படியே இருந்திருந்தால் யாராவது நின்று பார்த்திருக்கக்கூடும். கும்பிடும் கைகள் நம்மிடையே நன்றிக்கும் உரியவை, மன்றாட்டுக்கும் உரியவை.

உரையாடலைக் கோப்பாக எடுத்தபோது இந்த ஈமோஜிகள் எதுவும் அதில் வரவில்லை. ஏற்றுமதி செய்யப்படும் கோப்பில் செய்திகள் இருக்கும், அவற்றின் கீழ் போட்ட ஈமோஜிகள் இருக்காது. கோப்பை மட்டும் படிப்பவருக்கு டிசம்பர் 2 அன்று பகலில் கீழத் தெரு முழுக்க அமைதியாக இருந்ததாகவே தோன்றும். நாங்களும் ஒருவருடைய போனை வாங்கிப் பார்த்த பிறகே இதைக் கண்டோம். ஆய்வு செய்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றரை மணிக்குப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நீந்தியும் நடந்தும் மேட்டுக்கு வந்தான். தலைமை ஆசிரியரின் வீட்டு வாசலில் நடந்த பேச்சை இருவருமே ஒரே மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள்.

‘சார், கீழ இடுப்பளவு தண்ணி சார். உங்களுக்குத் தெரியாதா?’

‘குரூப்புல யாரும் ஒண்ணும் சொல்லலையேப்பா.’

‘குரூப்புல எங்களால பேச முடியாதே சார்.’

மீண்டும் திறந்த பிறகு

3:40-க்குக் குழு திறக்கப்பட்டது. அடுத்த பத்து நிமிடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வாய்ஸ் மெசேஜ்கள் வந்து விழுந்தன. குழுவை ஏன் மூடினார்கள் என்பதன் நியாயம் அப்போது இன்னொரு வடிவில் தெரிந்தது: யார் எங்கே மாட்டியிருக்கிறார் என்பதை அந்தக் குவியலிலிருந்து பிரித்தெடுப்பது எளிதாக இல்லை.

இளைஞர் இங்கே எடுத்த முடிவுதான் அன்றைய நிலையை மாற்றியது. அவர் மற்ற எல்லா வேலைகளையும் விட்டுவிட்டு, காதில் இயர்போனோடு அமர்ந்து ஒவ்வொரு குரலையும் கேட்டு, வீட்டு அடையாளம், எத்தனை பேர், முதியவர் அல்லது கைக்குழந்தை உண்டா என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதினார். ‘கேட்டுவிட்டேன்’ என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி போட்டார். பதில் வந்த வீட்டார் மீண்டும் மீண்டும் அனுப்புவதை நிறுத்தினார்கள், குவியல் தானாகக் குறைந்தது. அருகிலுள்ள மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு ஃபைபர் படகுகளை டிராக்டரில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். அந்த நோட்டின் வரிசைப்படியே படகுகள் போயின. இரவு எட்டரைக்குள் எல்லாரும் பள்ளி முகாமில் இருந்தார்கள்.

ஆடுகளும் சில மாடுகளும் போயின. அரிசி, பாய், துணி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் நனைந்து கெட்டன. ஏழு மணிச் செய்தியை நம்பியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியை மேட்டுக்குக் கொண்டுபோக ஐந்து மணி நேரம் இருந்தது.

ஜனவரிக் கூட்டம்

பொங்கலுக்குப் பின் கோயில் மண்டபத்தில் இரு பகுதியினரும் கூடிப் பேசினார்கள். குரல்கள் உயர்ந்தன, யாரும் எழுந்து போகவில்லை. தலைமை ஆசிரியர் தம் நிலையை விட்டுக்கொடுக்காமல் எடுத்துச் சொன்னார்: விதி எல்லாருக்கும் பொதுவானது, மேல் தெருவின் நூறு பேரும் அன்று பேச முடியாமல்தான் இருந்தார்கள். கட்டிலின் மேல் நின்ற அந்தப் பெண் எழுந்து பதில் சொன்னார்: ‘உண்மதான் சார். ஆனா உங்க தெருவுல யாருக்கும் எதுனா சொல்லணும்னா நாலு வீடு தள்ளி உங்க வீட்டுக் கதவத் தட்டலாம். எங்களுக்கு அந்தக் கதவுக்கு வர வழியில தண்ணி இருந்துச்சு.’

இந்தப் பதிலில் இருப்பதையே நான் இந்த நிகழ்வின் மையமாகக் கருதுகிறேன். செயலி அந்த அமைப்பில் இரண்டே தேர்வுகளைத் தருகிறது: எல்லாரும் பேசலாம், அல்லது அட்மின் மட்டும் பேசலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போது, அட்மின்கள் யார், எங்கே வசிக்கிறார்கள் என்பதும் அத்தோடு சேர்ந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. குடிநீருக்கு மனு எழுதிய காலத்தில் பொருத்தமாக இருந்த நால்வர், வெள்ளத்தின்போது ஒரே உயரத்தில், ஒரே தெருவில், தண்ணீருக்கு வெளியே இருந்தார்கள். பொத்தானை அழுத்தியபோது அவர்களுக்கு இது கண்ணில் படாததற்குக் காரணம், அவர்களுடைய பேச்சு எதுவும் அதனால் நிற்கவில்லை என்பதே.

செய்த மாற்றங்கள்

ஒவ்வொரு தெருவுக்கும் குறைந்தது இரண்டு பேர் அட்மின்கள், அவர்களில் ஒருவராவது பகலில் வீட்டில் இருக்கும் பெண் என்று முடிவாயிற்று. கீழத் தெருவின் மூன்று பெண்கள் இப்போது அட்மின்களாக இருக்கிறார்கள். தயங்கியவர்களுக்கு அந்த நீதிமன்றத் தீர்ப்புகளை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம், அது பயன்பட்டது.

மழைக்காலத்தில் அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு ஒரு குழு என இரண்டு இயங்கும். முதலாவது மூடியே இருக்கும், இரண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. பேச்சுக் குழுவில் வரும் குரல்களைக் கேட்டு நோட்டில் எழுத ஆறு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். வேறு எந்தப் பொறுப்பும் அந்த நேரத்தில் அவருக்குக் கிடையாது.

அம்புக்குறியைப் பார்த்து முடிவெடுக்கும் விதி கைவிடப்பட்டது. வந்த அறிவிப்பை ஃபார்வர்ட் செய்யாமல், சரிபார்த்தவரே தம் குரலில், தேதியையும் நேரத்தையும் யாரிடம் கேட்டு உறுதி செய்தார் என்பதையும் சொல்லிப் பதிவிட வேண்டும். ‘டிசம்பர் 2, காலை 7 மணி, கிராம நிர்வாக அலுவலரிடம் போனில் கேட்டேன்’ என்பது போல. ‘இன்று’, ‘இப்போது’ என்ற சொற்கள் தனியாக வரக் கூடாது. தெரிந்தவரின் குரலைக் கேட்டால் நம்பிக்கை வருகிறது, படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேருகிறது. இரண்டாவது குரல் வேறு ஒரு தெருவிலிருந்து வந்தால்தான் வெளியேறும் அறிவிப்பாக எடுத்துக்கொள்வது என்று இளைஞர் ஒரு யோசனை வைத்தார். தாமதமாகும் என்று கீழத் தெருவினர் மறுத்துவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம்தான். வீணாக ஒரு முறை மேட்டுக்கு ஏறுவதன் நட்டம் சிறியது. பாட்டியின் மணிக்கட்டு முறிந்தது இரவில், விளக்கில்லாமல், வழுக்கும் சந்தில் ஓடியதால். அந்தச் சந்துக்கு இப்போது கைப்பிடிக் கம்பி போடப்பட்டிருக்கிறது.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய அண்டை வீட்டார் குறிக்கப்பட்டனர். கோயில் மைக்குக்கு பேட்டரி வாங்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

ஒத்திகையும் எஞ்சியவையும்

2025 வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை நடத்தினார்கள். பேச்சுக் குழு நன்றாகவே இயங்கியது. கீழத் தெருவிலிருந்து முதல் குரல் வந்ததும் நோட்டில் ஏறிற்று. ஆனால் அறிவிப்புக் குழுவின் செய்தி பல போன்களில் ஒலி எழுப்பவே இல்லை. தினமும் வரும் காலை வணக்கப் படங்களின் தொல்லை தாங்காமல் பழைய குழுவை மியூட் செய்து வைத்திருந்தவர்கள், அந்தப் பழைய குழுவே இப்போது அறிவிப்புக் குழுவாக ஆகியிருப்பதைக் கவனிக்கவில்லை. பெண் அட்மின்கள் வீடு வீடாகப் போய் அதை மாற்றிக் கொடுத்தார்கள்.

தீராத ஒன்று இருக்கிறது. இரவில் குரல்களைக் கேட்கும் முறைக்கு இதுவரை மேல் தெரு ஆண்கள் மட்டுமே பெயர் கொடுத்திருக்கிறார்கள். கீழத் தெருப் பெண்கள் நேரம் கேட்கவில்லை, போன் கேட்கிறார்கள்: கணவர் எடுத்துப் போகாத, வீட்டிலேயே இருக்கும் ஒரு போன். சுய உதவிக் குழுவின் நிதியிலிருந்து தெருவுக்கு ஒரு பொதுப் போன் வாங்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறார்கள். அதை யார் வீட்டில் வைப்பது, மாதாமாதம் ரீசார்ஜ் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளுக்கும் இன்னும் முடிவு வரவில்லை.